பறவைகளை எண்ணிய பிராங்க் சாப்மன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் கொடிய வழக்கம் ஒன்று இருந்தது. கிறிஸ்மஸ் நாளன்று ஆடவர் இரு கட்சியாகப் பிரிந்து, துப்பாக்கியுடன் வயலுக்கும் காட்டுக்கும் செல்வர். கண்ணில் பட்ட பறவைகளையும் சிறு விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவர். எந்தக் கட்சியின் குவியல் பெரிதோ அதற்கே வெற்றி. பாலன் பிறந்த நாளை இப்படியும் கொண்டாடினார்களா என்று நமக்குத் திகைப்பு உண்டாகிறது. அதே நாளுக்கு வேறொரு போட்டியைத் தந்தவர்தாம் பிராங்க் சாப்மன்.

இவர் 1864ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். கல்லூரிக்குச் செல்லவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நியூயார்க் வங்கி ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். ஆயினும் விடியற்காலையில் எழுந்து பறவைகளைப் பார்த்து, குறிப்பெழுதிய பிறகே வங்கிக்குப் போவார்.

1886ஆம் ஆண்டில் அவர் செய்த காரியம் வேடிக்கையானது. நியூயார்க் கடைவீதியில் இரு நாள் மாலை நடந்து, பெண்கள் அணிந்திருந்த தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் பறவையோ இறகோ செருகப்பட்டிருந்தது. மரங்கொத்தி முதலாக 40 வகைகளை அவர் இனம் கண்டார். துப்பாக்கி பிடித்தவர் ஆடவரே. ஆனால் அழகுக்காக அவற்றை விலைகொடுத்து வாங்கியவர் பெண்களல்லவா! இதைப் படித்தபோது நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

1888இல் அவர் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். அவரைப் புனிதராக்கிக் காட்ட நாம் விரும்பவில்லை. அக்கால அறிஞர்களைப் போல் அவரும் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டவரே. பின்னாளில் பூண்டோடு அழிந்துபோன கரோலினாக் கிளிகளையும் புளோரிடாவில் சுட்டுச் சேகரித்தார்.

1899இல் 'பேர்ட் லோர்' என்னும் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு கிறிஸ்மஸ் நாளில் பறவைகளைக் கொல்லாமல் எண்ணி எழுதியனுப்புமாறு வாசகர்களை வேண்டினார். எத்தனை பேர் இசைந்தனர் தெரியுமா? 27 பேர்தாம்! கனடாவின் டொரான்டோ முதல் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் வரை 25 இடங்களில் ஏறத்தாழ 90 வகைப் பறவைகளை அவர்கள் கண்டனர்.

1945 நவம்பர் 15ஆம் நாள் சாப்மன் காலமானார். கணக்கெடுப்பு நிற்கவில்லை. இன்று டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை அது நடைபெறுகிறது. 24 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டம் ஒன்றை வகுத்து, ஆண்டுதோறும் அவ்வட்டத்துக்குள்ளேயே ஒரு நாள் முழுதும் எண்ணுகின்றனர். வெளியே நடக்க இயலாத முதியோரும், வீடு வட்டத்துக்குள் இருந்தால், சன்னலருகே அமர்ந்து தோட்டத்தில் வைத்த இரையைத் தின்ன வரும் பறவைகளை எண்ணித் தருகின்றனர். ஒரே இடத்தை ஆண்டுதோறும் எண்ணுவதால் கூடுதல் குறைவு தெரிந்துவிடுகிறது. இக்கணக்குகளில் 40 ஆண்டுகளுக்குரியவற்றை 2009இல் ஆராய்ந்தபோது, 305 வகைப் பறவைகளுள் 177 வகை தம் குளிர்கால இருப்பிடத்தை வடக்கு நோக்கி நகர்த்திவிட்டது தெரியவந்தது. குளிர் குறைந்து வருவதே அதற்கு முக்கிய காரணம் என்று அறிஞர் கண்டனர்.