லாண்ட்ஸ்டைனரின் கடைசி ஆராய்ச்சி

ஊரைவிட்டு வடக்கே புறப்பட்ட அன்று அப்பா என் கையில் ஒரு கடிகாரம் கட்டிவிட்டார். மூன்றாம் மாதம் அதன் அடியிலே அரிப்பும் கொப்புளமும் கண்டன. உலோகத்தில் கலந்த நிக்கல்தான் காரணம் என்றார் மருத்துவர். கழற்றினேன், ஆறிற்று. ஆசை விடவில்லை, மறுபடி கட்டினேன். அன்று ஒன்றுமில்லை, மறுநாள்தான் தடித்தது. ஏன் இந்த ஒரு நாள் தாமதம்? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் நுழைந்த எனக்கு அகப்பட்டவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர்.

குருதி வகைகளைக் கண்டவர் என்றே நாம் அவரைப் படித்திருக்கிறோம். 1868-இல் வியன்னாவில் பிறந்தார். ஆறு வயதில் பத்திரிகையாளரான தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பிலே வளர்ந்தார். 1891-இல் மருத்துவப் பட்டம் பெற்றும் மனம் வேதியியலையே நாடிற்று. எமில் ஃபிஷர் முதலியோரிடம் சென்று பயின்றார். 1901-இல் குருதி வகைகளை வெளியிட்டார். 1930-இல் அதற்காக நோபெல் பரிசும் வந்தது. ஆனால் அவருடைய நெஞ்சைக் கவர்ந்த பணி வேறு.

முதல் உலகப் போருக்குப்பின் வறுமையுற்ற வியன்னாவை விட்டு 1919-இல் ஹேக் நகருக்கும், பின்னர் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்திற்கும் சென்றார். எங்கு சென்றாலும் ஒரே கேள்விதான்: உடல் தன் எதிரியை எவ்வளவு நுணுக்கமாக அடையாளம் காண்கிறது? சிறு மூலக்கூறு ஒன்றைத் தனியே செலுத்தினால் உடல் அதனைப் பொருட்படுத்தாது. அதையே ஒரு புரதத்தின்மேல் ஒட்டிச் செலுத்தினால் எதிர்ப்பொருள் உண்டாகிறது! அந்த எதிர்ப்பொருளின் கூர்மையைக் கேளுங்கள். ஒரே அணுக்களைக் கொண்ட இரு பொருள்களில் ஒரு தொகுதி சற்று இடம் மாறி நின்றாலும் அது வேறுபாடு காணும். டார்டாரிக் அமிலத்தின் வலக்கை, இடக்கை வடிவங்களையும் பிரித்தறியும். சோதனைச்சாலையில் நாமே இவற்றைப் பிரிக்க எவ்வளவு திண்டாடுகிறோம்!

ஆயினும் தோலில் மறுநாள் தோன்றும் தடிப்பு மட்டும் இக்கணக்கில் அடங்கவில்லை. பிக்ரில் குளோரைடுக்கு ஒவ்வாமை கொண்ட கினிப்பன்றியின் சீரத்தை மற்றொன்றிற்குச் செலுத்தினால் அந்த ஒவ்வாமை உடன் செல்லவில்லை. 1942-இல் அவரும் மெரில் சேஸும் வயிற்றறையிலிருந்து வெள்ளையணுக்களைத் திரட்டிச் செலுத்தினர், அது சென்றது! சீரத்தில் கரைந்து வராத ஓர் அறிவு உயிருள்ள அணுக்களிடம் இருந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. மறு ஆண்டே சோதனைச்சாலையில் பிப்பெட்டும் கையுமாக மாரடைப்புற்று, இரண்டு நாளில் மறைந்தார்.

அவை டி அணுக்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. அவற்றின் ஏற்பிகள் அணுவின் மேற்பரப்பிலேயே பதிந்திருப்பவை. ஆதலால் சீரத்தோடு வாரா. 1974-இல் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் கான்பெராவில் இன்னொரு புதுமை கண்டனர்: டி அணு வைரசை மட்டும் தனியே காண்பதில்லை, தன் உடலுக்குரிய புரதம் ஒன்றோடு சேர்த்தே காண்கிறது. 1987-இல் அப்புரதத்தின் வடிவம் வெளியாயிற்று. அதன் உச்சியிலே ஒரு பள்ளம். அதில் பகைவனின் புரதத் துணுக்கு, சில அமினோ அமிலங்களின் நீளம்தான், படுத்திருக்கும். சிறியதைப் பெரியதன்மேல் ஏற்றிக் காட்டுதல். லாண்ட்ஸ்டைனர் கையால் செய்ததை உடல் எந்நாளும் செய்துகொண்டிருந்தது!

நிக்கலும் அப்படியே நம் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. டி அணுக்கள் அங்கே வந்து திரளத்தான் அந்த ஒரு நாள். ஒருமுறை கண்டதை அவை எளிதில் மறப்பதும் இல்லை. கடிகாரம் இப்போது பெட்டியில் இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. விடுமுறைக்குப் போகும்போது சட்டைக் கையின்மேல் கட்டிக்கொண்டு இறங்கலாமென்று இருக்கிறேன்.