தந்தை ந. சிவராஜின் பொதுவாழ்வு

பூமிக்கு அடியில் பொன் வெட்டிப் பிழைக்க வந்த நம் முன்னோர், பூமியின் மேல் மானத்தோடு வாழும் வழியையும் தேடியே வந்தனர். 1880ஆம் ஆண்டிற்குப் பின் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கோலார் தங்கவயலை அடைந்தவர்களுள் தாழ்த்தப்பட்ட மக்கள் மிகப் பலர். ஊரிலே ஒதுக்கப்பட்டிருந்த அம்மக்கள் இங்கே சங்கம் கண்டனர், அச்சகம் கண்டனர், இரவுப் பாடசாலை கண்டனர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளை விட்டு வளர்ந்தது. 1930ஆம் ஆண்டில், குற்றவாளிகளைப் போலக் கைரேகை பதிய மாட்டோம் என்று சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இத்தகைய மக்கள் பின்னாளில் சார்ந்து நின்ற அரசியல் இயக்கத்திற்கு அகில இந்தியத் தலைவராக விளங்கிய தமிழர் ஒருவர் உண்டு. அவரே தந்தை ந. சிவராஜ் ஆவார்.

சிவராஜ் 1892ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கடப்பையில் பிறந்தார். கல்வி என்னும் கதவு தாழ்த்தப்பட்டோருக்குப் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்த காலம் அது. அக்கதவைத் திறந்து உள்ளே சென்ற சிலருள் அவரும் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். இரங்கூனில் பிறந்த மீனாம்பாள் அம்மையாரை மணந்தார். கடல் கடந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் செல்வியாகிய அவ்வம்மையார், பின்னர்த் தாமே மேடையேறி மாநாடுகளுக்குத் தலைமை வகித்தவர்.

1926ஆம் ஆண்டில் சிவராஜ் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக அமர்ந்தார். அந்நாளைய முறையை இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று. சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்குரிமை இருந்தது. அவை இரண்டும் இல்லாத தாழ்த்தப்பட்டோருக்கு வாக்குச் சீட்டு இல்லை. ஆகவே அவர்கள் சார்பில் பேசுவோரை அரசாங்கமே நியமித்தது. நியமனம் பெற்றவர் எவ்வளவு ஆற்றல் உடையவராயினும், தம்மை அனுப்பியவர் மக்கள் என்று சொல்ல இயலாது. கொடுத்த கையே எடுத்துவிடவும் கூடும். இந்தக் குறையை உள்ளிருந்தே உணர்ந்தவர் சிவராஜ்.

1937ஆம் ஆண்டில் மாகாணங்களில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித் தொகுதிகளில் தேர்தல் வந்தது. ஆனால் டில்லியில் இருந்த மத்திய சட்டசபையில் பழைய முறையே நீடித்தது. அவ்வாண்டில் அங்கே சென்ற சிவராஜ், மீண்டும் நியமன உறுப்பினராகவே சென்றார். எனினும் அவ்விடத்தைப் பதவியாகக் கருதி அவர் அமைதி கொள்ளவில்லை. 1942ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாகபுரியில் கூடிய அகில இந்திய மாநாட்டிற்கு அவரே தலைமை வகித்தார். அங்குதான் டாக்டர் அம்பேத்கரின் வழிகாட்டுதலில் அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பு பிறந்தது. சிவராஜ் அதன் தலைவரானார். அவ்வாண்டின் இறுதியில் கனடா நாட்டில் நடைபெற்ற பசிபிக் உறவுகள் மாநாட்டிற்கும் தாழ்த்தப்பட்டோர் சார்பில் சென்றார். 1945ஆம் ஆண்டில் சென்னை மாநகரத்தின் மேயர் பதவியும் அவரை வந்தடைந்தது.

அடுத்த ஆண்டில் சோதனை வந்தது. 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் கூட்டமைப்பு நாடெங்கும் பெருந்தோல்வி கண்டது. விடுதலை பேசப்பட்ட மன்றங்களில் அதன் குரல் குன்றியது. அரசாங்கத்தின் தயவில் அமர்ந்த நாட்களும் முடிந்தன. வேறு பலர் வேறு கட்சி நாடியிருப்பர். சிவராஜ் தம் கொடியை மாற்றிக்கொள்ளவில்லை.

1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அம்பேத்கர் மறைந்தார். தலைவரை இழந்த இயக்கம் கலங்கி நின்றது. அதன் பின் சில திங்களே கழிந்து வந்த 1957ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து சிவராஜ் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. அங்கே எல்லாச் சாதியினரும், ஆண்களும் பெண்களும், சொத்துள்ளோரும் இல்லாதோரும் வாக்களித்தனர். முப்பதாண்டுகளுக்கு முன் ஆளுநரின் ஆணையால் சட்டசபை புகுந்தவர், அறுபது வயதைக் கடந்த பின் மக்களின் ஆணையால் நாடாளுமன்றம் புகுந்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் நாகபுரியில் இந்தியக் குடியரசுக் கட்சி தோன்றியது. அதன் முதல் தலைவர் சிவராஜ். உட்பூசல்கள் கட்சியை அரித்த காலத்திலும் அவர் பொறுமையுடன் அதனைத் தாங்கினார். 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், தாம் பிறந்த அதே நாளில், இயற்கை எய்தினார். நிலமற்றோருக்கு நிலம் கோரி அவர் கட்சி நாடெங்கும் நடத்திய அறப்போர், அவர் மறைந்த சில திங்களில், அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கியது.

அவர் தலைமை தாங்கிய கட்சியின் வேட்பாளர்களை நம் தங்கவயல் தொகுதி பின்னர்ச் சட்டசபைக்கு அனுப்பியதும் உண்டு. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன; பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைக்கும் நிலை வந்தது. பொன் போயிற்று, வாக்கு நம் கையில் இருக்கிறது. அது நம் பாட்டனாருக்குப் பிறந்தபோதே கிடைத்த பொருள் அன்று. அதனை விலைக்கும் மயக்கத்திற்கும் விற்றுவிடாமல், ஆராய்ந்து அளித்திடுவோமாக. நம் பிள்ளைகளுக்குச் சிவராஜின் வரலாற்றை எடுத்துரைப்போமாக.

வாழ்க தந்தை சிவராஜின் புகழ்!