வாட்பயிற்சி ஆசான் லிங்

உடலை ஓம்புதல் வேண்டும் என்பதைத் திருமூலர் முதலாய நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆயினும், உடற்பயிற்சி கற்பிக்கும் ஆசிரியரைக் கற்றறிந்தோர் வரிசையில் வைத்தெண்ணும் வழக்கம் நம்மிடையே அரிது. மழை பெய்தாலும் பரீட்சை நெருங்கினாலும் பாடசாலையில் முதலிற் கைவிடப்படுவது அவருடைய பாடமே. பல்லாண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துவரும் யான் இதனைக் கண்கூடாகக் கண்டுள்ளேன். அப்பாடத்துக்குச் சாத்திரத் தகுதி தேடித்தந்தோருள் முதல்வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் சுவீடன் தேசத்துப் பேர் ஹென்றிக் லிங். அவர் தாமும் ஒரு கவிஞர் என்பதே அவர் வரலாற்றில் என் மனத்தை முதலில் ஈர்த்தது.

லிங் 1776 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள், சுவீடனின் தென்பாகத்து ஸ்மோலாந்து மாகாணத்தில், ஒரு மதகுருவின் மகனாய்ப் பிறந்தார். 1797 இல் உப்சாலா சர்வகலாசாலையில் இறையியற் பட்டம் பெற்றார். தந்தையார் வழியைப் பின்பற்றிக் குருத்துவம் ஏற்றிருக்கலாம், ஏற்றாரல்லர். 1799 இல் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்கேகனுக்குச் சென்றார். இலக்கியத்தில் ஈடுபட்ட அவருக்கு அந்நகரம் எதிர்பாராத வேறொரு கல்வியையும் வழங்கியது. பிரெஞ்சு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்தோரிடம் அவர் வாட்பயிற்சி பயின்றார். நாக்தெகால் என்பார் அங்கு 1799 இல் நிறுவிய தேகாப்பியாசசாலையையும் கண்டறிந்தார்.

அந்நாளில் லிங்கின் கை வாதநோயாற் பீடிக்கப்பட்டிருந்தது என்பர். நாள்தோறும் வாள்வீசிப் பழகியதால் அந்நோய் தணிந்து, கை வலிமை பெற்றது. நோய் நீங்கியதும் மகிழ்ந்து, அதனை மறந்துவிடுதல் உலகியல்பு. லிங் அவ்வாறு மறந்தாரல்லர். இது தீர்ந்தது எதனால்? எவ்வசைவு எத்தசையை வலுப்படுத்தியது? பிறர் நோயும் இவ்வாறு தீருமோ? இவ்வினாக்களே அவருடைய எஞ்சிய வாழ்வை வழிநடத்தின.

1804 இல் தாயகம் திரும்பிய அவர், லுண்ட் சர்வகலாசாலையில் வாட்பயிற்சி ஆசானாக அமர்ந்தார். முப்பது வயதை அணுகிய நிலையிலும், தம்மிடம் வாள் பயின்ற இளைஞரைப் போலத் தாமும் மாணாக்கராகி உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் கற்கத் தொடங்கினார். வாள்வீசத் தெரிந்தால் போதும் என்று அவர் அமைதியடைந்திருந்தால், எவரும் அவரைக் குறைகூறியிருக்கமாட்டார். தொழில் தெரிந்தவன் அத்தொழிலின் காரணத்தையும் தெரிந்துகொள்ள முற்படும்போதே உண்மையில் வளர்கின்றான் என்பது என் கருத்து.

1809 இல் சுவீடன் பின்லாந்தை ருசியாவிடம் இழந்தது. தளர்ந்திருந்த நாட்டு மக்களை வலியராக்குதல் வேண்டும் என்னும் வேட்கை எங்கும் எழுந்தது. எனினும் லிங்கின் கோரிக்கை எளிதில் ஏற்கப்படவில்லை; கழைக்கூத்தர் தொகை நாட்டிற் போதியது என்று கூறி அமைச்சர் ஒருவர் அவரைத் திருப்பியனுப்பியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. ஈற்றில் 1813 இல் அரசாங்க ஆதரவுடன் ஸ்டொக்ஹோமில் மத்திய தேகாப்பியாச நிறுவனம் அமைந்தது. அதன் தலைவராக அவர் தம் இறுதிநாள்வரை பணிபுரிந்தார்.

லிங் தம் கலையைக் கல்விக்குரியது, போருக்குரியது, மருத்துவத்துக்குரியது, அழகுக்குரியது என நான்காக வகுத்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் யான் என்பவர் கம்பங்களிலும் சட்டங்களிலும் தொங்கியேறும் பயிற்சிகளைப் பரப்பினார். லிங்கோ, கருவியினும் உடம்பையே முதன்மையாகக் கொண்டார். இலக்கணகாரர் சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரிப்பது போல, ஒவ்வொரு பயிற்சியையும் நிற்கும் நிலை, அசைவு, முடியும் நிலை எனப் பகுத்துக் கற்பித்தனர் அவரும் அவர் வழிவந்தோரும். நோயாளர்க்குரிய முறையோ இன்னும் நுட்பமானது. இயங்கமாட்டாத அங்கத்தை முதலில் ஆசிரியரே மெல்ல அசைப்பார். பின்பு நோயாளர் தாமே அசைப்பார். வலிமை சிறிது வந்ததும், ஆசிரியர் தம் கையால் அதனைத் தடுக்க, நோயாளர் அத்தடையை எதிர்த்து அசைப்பார். எவ்வளவு தடுத்தல் தகும் என்பதை ஆசிரியரின் கை அறிந்திருத்தல் வேண்டும். இன்றைய இயன்மருத்துவர் செய்யும் பணியின் வித்து இங்கே உள்ளது.

பட்டம் பெற்ற வைத்தியர் பலர், வாட்பயிற்சி ஆசான் ஒருவன் நோய் தீர்ப்பதா என வெகுண்டனர். ஆயினும் 1831 இல் சுவீடன் மருத்துவர் சங்கமே அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றது. 1835 இல் சுவீடன் இலக்கியப் பேரவையும் அவரைச் சேர்த்துக்கொண்டது. வடபுலத்துப் பழந்தெய்வங்களைப் பொருளாகக் கொண்டு அவர் பாடிய ஆசர்னே என்னும் நெடுங்காவியத்தை இக்காலத்திற் படிப்பார் மிகச் சிலரே. 1839 மே 3 ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் மறைவுக்குப் பின் மகனார் யால்மார் பாடசாலைப் பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார். 1864 முதல் பெண்களும் அந்நிறுவனத்திற் பயிற்சி பெற்றனர். அவ்வாறு பயின்ற மார்ட்டினா பேரியமான் எஸ்தர்பேரி 1885 இல் இலண்டனில் மகளிர்க்கு ஒரு தேகாப்பியாசக் கல்லூரி நிறுவினார். 1909 இல் ஆங்கில அரசு வெளியிட்ட பாடசாலைத் தேகாப்பியாசத் திட்டமும் சுவீடன் முறையையே தழுவியது.

வழிவந்தோருட் சிலர் ஆசானின் முறையை மாற்றவொண்ணா வேதமாக்கினர். அசைவுகள் மரப்பாவை ஆட்டம் போல விறைத்தன. அக்குறையைத் தீர்த்ததில் அந்நிறுவனத்துக்கே பெரும்பங்கு உண்டு. 1941 இல் அங்கு உடற்றொழிலியற் பேராசிரியராக அமர்ந்த கிறிஸ்தென்சனும், அவர் மாணாக்கராகிய ஒஸ்திராந்தும், மிதிசக்கரக் கருவியில் மனிதரை ஏற்றி இருதயத் துடிப்பையும் பிராணவாயுச் செலவையும் அளந்தனர். நின்று செய்யும் அசைவுகள் மாத்திரம் போதா. மூச்சும் இருதயமும் உழைத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ஆசானின் முடிவுகளை மாணாக்கர் திருத்தியது அவருக்கு இழுக்கு என்று யான் எண்ணவில்லை. தம் கை ஏன் குணமடைந்தது என்று வினாவியவரின் கல்விச்சாலையில், அவ்வினா நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. கற்பிக்கும் தொழிலில் நிற்கும் நாம் விட்டுச்செல்லக்கூடிய சொத்துள் இதனினும் பெரியது யாது?