டிஜிட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை

டயன் ஃபொஸியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தடுமாற்றம் வரும்.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சை அளித்தவர். 1963இல் கடன் வாங்கி ஆபிரிக்கா சென்று மலைக் கொரில்லாக்களைக் கண்டார். 1967இல் ருவாண்டாவின் விருங்கா மலையில், சுமார் 3,000 மீற்றர் உயரத்தில், கரிசோகே ஆய்வு முகாமை அமைத்தார். கொரில்லாக்களைப் போலவே உறுமி, இலை மென்று, அவற்றின் அருகில் அமர இடம் பிடித்தார்.

அவற்றில் டிஜிட் அவருக்கு உயிர். ருவாண்டாவின் சுற்றுலாச் சுவரொட்டியில்கூட இடம்பெற்ற கொரில்லா அது. 1977 டிசெம்பர் 31இல் வேட்டைக்காரர்கள் அதைக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டிச் சென்றார்கள். பிறகு அவர் ஆய்வாளராக இருந்ததைவிடக் காவலாளியாக இருந்ததே அதிகம். கண்ணிகளை அறுத்தார், பிடிபட்டவர்களைக் கொடுமையாக நடத்தினார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். மலையடி மக்களின் வறுமை அவர் கண்ணில் சரியாகப் படவில்லை என்றே நினைக்கிறேன்.

சுற்றுலாவையும் வெறுத்தார். மனிதரின் நோய் கொரில்லாவுக்கும் தொற்றும் என்பதால் அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் இன்று 1,500 டொலர் கொடுத்து ஒரு மணி நேரம் கொரில்லா பார்ப்போரின் பணமும் அந்தக் காட்டைக் காக்கிறது. அவர் காலத்தில் விருங்காவில் சுமார் 250 ஆகக் குறைந்திருந்தவை, 2018இல் வெளிவந்த கணக்கெடுப்பில் 600ஐத் தாண்டின.

1985 டிசெம்பர் இறுதியில் தன் குடிலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றது யார் என்பதில் இன்றும் சர்ச்சை. டிஜிட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அந்தக் கல்லறையைப் பார்க்க இப்போது சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்தி மலையேறுகிறார்கள்.