ஓடிப்போன மகன், தேடிப்போன தந்தை

மகன் ஒரு வழியில் போக ஆசைப்படுகிறான். தகப்பனார் வேறு வழியைக் காட்டுகிறார். எந்த வீட்டில்தான் இந்த வழக்கு இல்லை? பாட்டினால் தமிழ்நாட்டையே மயக்கிய எம். கே. தியாகராஜ பாகவதரின் வீட்டிலும் இது இருந்தது.

பாகவதர் 1910-ம் ஆண்டில் மாயவரத்தில் பிறந்தார். தகப்பனார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி பொன் வேலை செய்பவர். பிறகு குடும்பம் திருச்சிக்குக் குடியேறியது. பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. எப்போதும் பாட்டுதான். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கவலையிலும் நியாயம் உண்டு. உழைத்துச் சாப்பிடும் குடும்பம் அது. பாட்டு சோறு போடுமா என்று எந்தத் தகப்பனாருக்கும் தோன்றத்தானே செய்யும்?

ஒரு நாள் பையனைக் காணோம். வீட்டை விட்டே ஓடிவிட்டான். தகப்பனார் தேடிப் போனார். கடைசியில் வெகு தூரத்திலுள்ள கடப்பையில் மகனைக் கண்டுபிடித்தார். அங்கே அவன் பாடிக்கொண்டிருந்தான். சுற்றிலும் பெருங்கூட்டம் கூடி, மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சி தகப்பனாரின் மனத்தை மாற்றிவிட்டது. மகனிடம் இருப்பது விளையாட்டுப் புத்தி அல்ல, ஒரு வரம் என்று அவர் கண்டுகொண்டார். திருச்சிக்கு அழைத்து வந்து, பஜனைகளில் பாட அனுமதி கொடுத்தார்.

அதன் பிறகு தடை ஏது? ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எப். ஜி. நடேச ஐயர், அரிச்சந்திரன் நாடகத்தில் பையனுக்கு லோகிதாசன் வேஷம் கொடுத்தார். மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார் தியாகராஜன். 1934-ல் 'பவளக்கொடி' படத்தின் மூலம் திரையுலகில் புகுந்தார். 1937-ல் வந்த 'சிந்தாமணி' அவர் புகழை எங்கும் பரப்பியது.

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. பெற்றோரை அலட்சியம் செய்து, தாசி மோகத்தில் சொத்தையெல்லாம் இழந்து, கால்களையும் இழந்த ஒரு மகனின் கதை அது. முடிவில் அவன் திருந்தித் தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்கிறான். பகவானே வாசலில் வந்து நின்றபோதும், பெற்றோர் சேவை முடியும் வரை காத்திருக்கச் சொல்கிறான். சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. சிறு வயதில் தகப்பனாரை விட்டு ஓடியவரே ஹரிதாஸாக நடித்தார் என்பது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே துன்பமும் வந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1945-ல் தண்டனை பெற்றார். 1947-ல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அதன்பின் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. 1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, ஐம்பது வயது நிரம்புமுன்னே காலமானார்.

செல்வம் வந்தது, போயிற்று. பாட்டு மட்டும் நிலைத்துவிட்டது. பிள்ளைகள் ஹரிதாஸை மறக்க வேண்டாம். பெற்றோர்களோ, கடப்பைக் கூட்டத்தின் நடுவே நின்று, தம் மகனை முதல் முறையாகப் புரிந்துகொண்ட அந்த ஆச்சாரியாரை மறக்க வேண்டாம்.