பெயர் தந்த பெரியார் லின்னேயஸ்

தோன்றிய பொருள் யாவும் அழியும். பெயர் ஒன்றே பின்னிற்கும். ஆதலின், பெயரிடுவோர் பொறுப்புச் சிறிதன்று. இதனை நன்கு விளக்குவது சுவீடன் தேசத்து அறிஞர் கார்ல் லின்னேயஸ் வரலாறாகும்.

அவர் 1707ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் தென்சுவீடனில் ரோஷுல்ட் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். நம்மவரைப் போலவே அந்நாட்டுக் குடியானவரும் அக்காலத்திலே தந்தை பெயரையே தம் பெயரோடு சேர்த்து வழங்கினர். அவர் தந்தையார் நீல்ஸ் பல்கலைக்கழகம் புகுந்தபொழுது குடிப்பெயரொன்று வேண்டப்பட்டது. தம் குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைந்து, லின்னேயஸ் எனத் தமக்குப் பெயர் வைத்துக்கொண்டார். மரத்தாற் பெயர்பெற்ற குடியின் மைந்தர் மரஞ்செடிகளுக்கெல்லாம் பெயர் வழங்கினமை பொருத்தமே.

போதகராகிய தந்தையார் மகனும் போதகராதலை விரும்பினார்; மகனோ மலர்களை விரும்பினார். லுண்ட், உப்சாலா ஆகிய இடங்களிற் கற்று, 1732இல் லப்லாந்துப் பனிநிலத்தைச் சுற்றி ஆராய்ந்தார். உயிர்களையும் கனிப்பொருள்களையும் வகைப்படுத்திய அவரது பெருநூலின் முதற்பதிப்பு 1735இல் ஒல்லாந்திலே வெளிவந்தது. சில தாள்களே கொண்ட அந்நூல், பதிப்புத்தோறும் பெருகிற்று. 1741இல் உப்சாலாவிற் பேராசிரியரானார்.

அவர் ஈழத்தைக் கண்டவரல்லர். ஆயினும் ஈழத்துச் செடிகளை அறிந்தவர். 1672 முதல் 1677 வரை இலங்கையில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராயிருந்த போல் ஹேர்மன் கொழும்பைச் சூழ்ந்த இடங்களிற் சேர்த்து உலர்த்திய செடிகள், பல்லாண்டுகளின் பின் லின்னேயஸ் கைக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்து 1747இல் இலங்கைத் தாவரங்களுக்கெனத் தனிநூல் செய்தார்.

அவர்க்கு முன்னர் ஒரு செடியின் பெயர் நீண்ட வாக்கியமாய் இருந்தது. அவரோ சாதிப்பெயர் ஒன்று, இனப்பெயர் ஒன்று, ஆக இரு சொல்லே போதுமென வகுத்து, 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் அம்முறையை வழங்கினார். நம் செங்காந்தளும் மயிலும் இன்றும் அவரிட்ட பெயராலேயே அறிவியலுலகில் வழங்குகின்றன. மாணாக்கர்க்கு இருபெயரொட்டுப் பண்புத்தொகை கற்பிக்கும்போதெல்லாம் நான் இவரை நினைப்பதுண்டு. பனைமரம் என்புழிச் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்கும். லின்னேயஸ் முறையிலே பொதுப்பெயர் முன்னிற்கச் சிறப்புப்பெயர் பின்வரும். வேற்றுமை அவ்வளவே.

இம்முறை அழிந்துபட்ட பறவைகளிடத்தே சோதனைக்குள்ளாயிற்று. மொரீசியஸ் தீவில் வாழ்ந்த டோடோ, பறக்கமாட்டாத பெரும் பறவை. 1598இல் ஒல்லாந்தர் அங்கே இறங்கிய பின், மனிதராலும் அவரோடு வந்த பன்றி, எலி முதலியவற்றாலும் நூறாண்டுக்குள் அஃது அற்றொழிந்தது. தாம் பிறக்குமுன்னரே மறைந்த அப்பறவைக்கு, முன்னையோர் எழுத்துக்களைக் கொண்டே லின்னேயஸ் பெயரிட நேர்ந்தது. 1758இல் அதனைத் தீக்கோழிச் சாதியில் வைத்து, முக்காடுடையது எனப் பொருள்படும் குக்குல்லாட்டஸ் என்ற இனப்பெயரை அளித்தார். 1766இல் அதனை மாற்றி, டைடஸ் என்னும் சாதியில், திறமையற்றது எனப் பொருள்படும் இனெப்டஸ் என்றார். மனிதரை அஞ்சாது நின்று மாண்ட உயிருக்கு இஃது இழிபெயரன்றோ! மறுத்துரைக்க ஒரு பறவையேனும் எஞ்சவில்லை.

அவர் பெயரால் நேர்ந்த குறையை அவர் முறையே தீர்த்தது. முந்திய பெயரே நிற்கும் என்னும் விதியை 1842இல் ஸ்ட்ரிக்லண்ட் முதலியோர் வகுத்தனர். அவரே 1848இல் மெல்வில் என்பாரோடு டோடோவைப் புறாக்குடும்பத்தது என நிறுவினார். பிரிசோன் 1760இல் அமைத்த ராபஸ் என்னும் சாதிப்பெயரோடு சேர்ந்து, ராபஸ் குக்குல்லாட்டஸ் என்றே அப்பறவை இன்று வழங்குகின்றது. இழிபெயர் நீங்கிற்று.

யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதானகோசம் வெளியிட்ட நாள்முதல் கலைக்களஞ்சியப் பணி நமக்கும் உரியதாயிற்று. அப்பணி செய்வோர்க்கு இவ்வரலாற்றிலே பாடமுண்டு. டோடோவின் சாதியில் அஃதொன்றே இனம். ஆதலின் இரண்டுக்கும் ஒரு தலைப்பே அமையும். லின்னேயஸ் பெயரிட்ட காலத்தில் உயிர்வாழ்ந்து, 1844இல் ஐஸ்லாந்தை அடுத்த பாறைத்தீவொன்றிற் கடைசி இணையும் கொல்லப்பட்டதாகக் கூறப்படும் பெரிய ஓக் என்னும் கடற்பறவையோ அத்தகையதன்று. அதன் சாதியைச் சேர்ந்த வேறோரினம் உயிர்ச்சுவடாக அறியப்பட்டுள்ளது. சாதிப்பெயரைத் தலைப்பாக்கினால் இரண்டும் மயங்கும். அங்கே இனப்பெயரே வேண்டும்.

முதுமையில் நோய் அவர் நினைவைக் கவர்ந்தது. தம் நூல்களைப் படித்து வியந்தவர், அவற்றை இயற்றியவர் தாமே என்பதை அறிந்திலர் என்பர். 1778ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் காலமாகி, உப்சாலாப் பேராலயத்தில் அடக்கம் பெற்றார். அழிந்த உயிர் தன் பெயரைத் திருத்திக்கொள்ள வாராது. ஆதலின் அதற்குத் தலைப்பிடுவோர் ஆராய்ந்து இடுக.