முகவெலும்பை ஆராய்ந்த ரெனே லெபோர்

நமது பேகம்பூர் வீதிகளில் இருசக்கர வண்டியினின்று வீழ்ந்து, முகம் வீங்கி, வைத்தியசாலை சேரும் வாலிபரைக் கண்டிராதார் அரியர். மேல்தாடை முறிந்திருப்பின் அவ்வாலிபரின் சீட்டில் வைத்தியர் எழுதும் பெயர் பிரெஞ்சு தேசத்தார் ஒருவருடையது. ஆங்கில வழக்கில் லெபோர்ட் எனப்படும் ரெனே லெபோர் என்பாரே அவர்.

இவர் 1869-ஆம் ஆண்டில் பிரான்ஸின் வடபாலுள்ள லீல் நகரில் பிறந்தார். இருபத்தொரு வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். பாரிஸ் நகரத்து வால் டி கிராஸ் படைவைத்தியசாலையில் சில காலம் பணிபுரிந்து, 1899-இல் போதனையை நாடித் தம் ஊருக்கே மீண்டார்.

அந்நாளில் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. முகத்தின் மெல்லிய எலும்புகள் ஒன்றன்மேலொன்று படிந்து தோன்றுதலால் அப்படமும் தெளிவு தரவில்லை. ஆதலின் லெபோர் முப்பத்தைந்து பிரேதத் தலைகளை எடுத்து, தடியால் அடித்தும், மேசையில் மோதியும், பின்பு தசையை நீக்கி எலும்பை நோக்கினார். கேட்கவே உள்ளம் கூசும் செயல்தான். ஆயினும் உயிருள்ளாரிடத்து இதனை அறிய வழியேது?

அவர் கண்டது வியப்புக்குரியது. அடி எங்ஙனம் விழினும் முறிவு தாறுமாறாய் ஓடவில்லை. எலும்பு வலிகுன்றிய மூன்று கோடுகளையே பற்றிச் சென்றது. முதலாவதில் மேற்பல் வரிசை அண்ணத்தோடு தனியே பெயரும். இரண்டாவதில் மூக்கும் மேல்தாடையும் கூம்புபோல் ஒருசேர அசையும். மூன்றாவதில் முகம் முழுதும் மண்டையோட்டினின்று பிரியும். மேற்றோலைக் கண்டு உள்முறிவை அளவிடலாகாது என்பதும், முகம் நொறுங்கியும் மண்டையோடு பெரும்பாலும் பழுதின்றியிருக்கும் என்பதும் புலனாயின. இஃது ஏட்டளவில் நிற்கும் அறிவன்று. பெயர்ந்த தாடை பின்சென்று மூச்சை அடைத்தால் நோயாளி மடிவான். இவ்வாராய்ச்சி 1901-இல் வெளிவந்தது.

பின்னர் 1912-இல் பால்கன் யுத்தத்திலும், அதனையடுத்த உலக யுத்தத்திலும் காயமுற்றாருக்குச் சிகிச்சை புரிந்தார். மார்பின் உட்புறத்தே தங்கிய குண்டுகளை அகற்றுவதில் தேர்ந்தவரானார். 1951-இல் காலஞ்சென்றார்.

மோட்டார் வண்டியின் வேகம் அவர் தடியடியினும் மிகக் கொடிது. ஆதலின் இன்று முறிவுகள் அவர் வரைந்தபடி தூயனவாய் அமைதல் அரிது. ஒரு பக்கம் ஒரு வகையும் மறுபக்கம் வேறொரு வகையுமாய்க் கலந்திருக்கும். கீழ்த்தாடையும் கன்னவெலும்பும் உடன் உடைந்திருக்கும். உச்சியை மட்டும் மறைக்கும் தலைக்கவசம் மோவாயைக் காப்பதில்லை. எனினும் குறுக்குவெட்டுப் படத்தை வெளிச்சத்தில் வைத்ததும் வைத்தியர் தேடுவது அம்மூன்று கோடுகளையே.